வீட்டுக்காரம்மாவின் உள்ளங்கை

மெட்ராஸில் ஏது குளிர் என்று நீங்கள் சிரிப்பதற்கு முன்னால் நானே சிரித்துவிடுகிறேன். ஆனால் அறுபதுகளின் கடைசியில், அம்பத்தூரில், மார்கழி என்று ஒன்று இருந்தது. வீட்டுக்குப் பின்னால் ஏரி. ஏரிக்கு அப்பால் பாதி வயல், பாதி புதிதாக முளைத்த கம்பெனிகள். விடியும்போது தண்ணீரிலிருந்து எழும் பனி வேறு யாரையும் சீண்டாமல் நேரே வந்து என் பனியனுக்குள் குடியேறும்.

நான் தெற்கத்திக்காரன், வெயிலில் காய்ந்து வளர்ந்தவன். பச்சைத் தண்ணீர் என்றால் குலை நடுங்கும். கல்யாணமான புதிதில் ஒரு ஸ்டவ்வும் இரண்டு பாயுமாக நாங்கள் அந்த வீட்டில் குடியேறியதற்குக் காரணமே பின்கட்டில் நின்ற தாமிர பாய்லர்தான். இடுப்புயரம், நல்ல தொப்பை. நடுவில் நெருப்புக்கு ஒரு குழாய், அதைச் சுற்றித் தண்ணீர், தொப்பையில் ஒரு பித்தளைத் திருகு. “நாலு போர்ஷனுக்கும் பொது” என்றார் வீட்டுக்காரம்மா. மனைவி சமையலறையில் ஜன்னல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பாய்லரைப் பார்த்துத் தலையாட்டிவிட்டேன். சமையலறையில் ஜன்னல் இல்லை என்பதை அதற்குப் பிறகு பல தடவை எனக்கு நினைவூட்டினாள்.

முதல் நாள் காலை விறகு போட்டுப் பற்றவைத்தேன். நல்ல புகை. ஏரிக்கரையில் போகிறவர்கள் எங்கள் வீட்டில் யாகம் நடப்பதாக நினைத்திருப்பார்கள். வெகுநேரம் காத்திருந்து, திருகைத் திறந்து, வாளியை நிரப்பி, சாமி பெயரைச் சொல்லித் தலையில் கவிழ்த்தேன். அடுத்த நொடி நான் சொன்னதில் சாமி பெயர் இல்லை.

வீட்டுக்காரம்மா வந்தார். நல்ல உயரம், அகலமான எலும்பு. இடுப்பில் சொருகிய சாவிக்கொத்து அவர் வருவதற்கு முன்பே வந்து சேரும்.

“இன்னா நைனா, காலங்காத்தால கூவிகினு கீற?”

“தண்ணி சூடாகவே இல்லைங்கம்மா. உள்குழாயில ஓட்டை இருக்கு. தண்ணி சொட்டி நெருப்பை அணைச்சிடுது. அதான் வெறும் புகையா வருது.”

“ஓட்டையா? எம் பாய்லர்லயா?”

முந்தானையில் கையைத் துடைத்தார். வலது உள்ளங்கையை விரித்து பாய்லரின் தொப்பையில் வைத்தார். வைத்த வேகத்தில் “ஸ்ஸ்” என்று இழுத்துக்கொண்டு, வாய்க்கு அருகே கொண்டுபோய் ஊதினார்.

“இந்தக் கொதி கொதிக்குது. சூடு இல்லன்றியே. தொட்டுப் பாரு நைனா.”

தொட்டேன். மண்பானையைத் தொட்ட மாதிரி இருந்தது. நான் அவர் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் செய்து பிழைத்தவன் நான். ஒருவர் விளையாடுகிறாரா இல்லையா என்பது உதட்டோரத்தைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும். அந்த உதடு விளையாடவில்லை. குவிந்து ஊதிக்கொண்டிருந்தது.

அவர் பெயர் என்ன என்று நான் கேட்டதே இல்லை. வாசலில் காய்கறிக்காரி முதல் தபால்காரர் வரை எல்லாருக்கும் அவர் வீட்டுக்காரம்மா. ஏரிப் பாசனத்தில் நெல் விளைவித்த குடும்பம். வயல்கள் கம்பெனிகளுக்குப் போன பிறகு, மிஞ்சிய மனையில் நான்கு போர்ஷன்களை வரிசையாகக் கட்டிவிட்டு, பழைய வீட்டில் தனியாக இருந்தார். தன் வீட்டில் எதுவுமே கெட்டுப்போகாது என்பது அவருடைய கொள்கை. மழையில் எங்கள் கூரை ஒழுகியபோது நேரில் வந்து அண்ணாந்து பார்த்து, “ஒழுவல நைனா, வேர்க்குது” என்றார். எங்கள் கதவு சாத்தாது. “காத்து வரட்டும்னு வுட்டு வெச்சிருக்கு.” கிணற்று ராட்டினம் கிறீச்சிடும். “தனியா தண்ணி சேந்தறப்ப தொணைக்கு ஒரு கொரல் வேணாமா?” இதையெல்லாம் கேட்டுக் கோபம் வராது, சிரிப்புத்தான் வரும். அவருக்கும் அது தெரியும். சொல்லிவிட்டுத் திரும்பும்போது சாவிக்கொத்து ஒரு குலுங்கு கூடுதலாகக் குலுங்கும்.

பாய்லர் விஷயத்தில் மட்டும் சாவிக்கொத்து குலுங்காது.

ஈயம் பூசுகிற ஆள் ஒருவர் சைக்கிளில் அந்தப் பக்கம் வருவார். நாலு போர்ஷன்காரர்களும் கலந்து பேசி ஒரு நாள் அவரைப் பின்கட்டுக்குக் கூட்டி வந்தோம். அவர் குனிந்து குழாய்க்குள் பார்த்து, “ஊசி முனை ஓட்டதான், ஒரு மணி நேரத்துல அடைச்சுடலாம்” என்றார். சாவிக்கொத்து வந்துவிட்டது. வீட்டுக்காரம்மா அவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தார். அவர் குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு பாய்லர்மேல் கை வைத்து, இழுத்து, ஊதி, “பாத்தியா? நல்லா கீற பொருளப் போய் இன்னாத்துக்குப்பா கொடயணும்? போய்ட்டு வா” என்றார். அன்று அந்த பாய்லரில் நெருப்பே மூட்டியிருக்கவில்லை. ஈயக்காரர் அந்தக் கையையும், சாம்பல்கூட இல்லாத அடியையும் பார்த்தார். சைக்கிளை எடுத்தார். எங்கள் தெருவில் அவர் குரல் கேட்க நெடுநாள் ஆயிற்று.

ஆயுத பூஜைக்கு கம்பெனிகளில் மெஷின்களுக்குப் பொட்டு வைப்பார்கள். இவர் பாய்லரைப் புளி போட்டுத் துலக்கி, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, பூச்சரத்தைத் தொப்பையில் சுற்றுவார். கல்யாணப் பெண் மாதிரி நிற்கும். “ஓடற மிஷினுக்குத்தான் நைனா பொட்டு வெப்பாங்க” என்று என்னைப் பார்த்துச் சொல்வார்.

ஆக, நான் குளிக்காமல் குளிக்கக் கற்றுக்கொண்டேன். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஒரு பாட்டை எடுத்துவிட்டு, மொண்டு மொண்டு சுவருக்கு ஊற்றுவேன். தலையை மட்டும் நனைத்துக்கொண்டு பக்திமானாக வெளியே வருவேன். இதைக் கண்டுபிடித்தவர் பக்கத்துப் போர்ஷன் பஸ் கண்டக்டர். அந்த ஊர்க்காரர், வீட்டுக்காரம்மாவைச் சின்ன வயதிலிருந்து தெரிந்தவர்.

“இன்னா சாரே, இன்னிக்கு செவுரு தலைக்குக் குளிச்சிதா?”

“எப்படிங்க தெரிஞ்சுது?”

“ஒடம்புல பட்ற தண்ணி சத்தம் வேற, செவுத்துல பட்ற சத்தம் வேற. பொம்பளைங்களே ஷோக்கா குளிச்சுட்டுப் போறாங்க. நீ இன்னாடான்னா ஊட்டுக்கு வெள்ளையடிக்கிற.”

விறகடுப்பு போர்ஷனுக்குள் கூடாது, சுவர் கறுத்துவிடும். பின்கட்டில் கல் கூட்டி நெருப்பு மூட்டவும் கூடாது, “அதான் பாய்லர் கீதே.” மிச்சம் இருந்தது மண்ணெண்ணெய் ஸ்டவ். ரேஷன் கடையில் எண்ணெய் வருகிற நாளும் உண்டு, வராத நாள்தான் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வேப்ப மரத்தடியில் எல்லாரும் கூடும்போது என்னை ஏதாவது செய்து காட்டச் சொல்வார்கள். எங்கள் கம்பெனி மேனேஜர் தும்முவது, ஸ்டேஷன் மாஸ்டர் கொடி ஆட்டுவது, இப்படி. வீட்டுக்காரம்மா வீட்டில் இல்லாத நேரம் பார்த்து அவரையும் செய்வேன். துண்டை முந்தானையாகப் போட்டு, “ஒழுவல நைனா, வேர்க்குது” என்றதும் கண்டக்டர் தொடையில் தட்டிச் சிரிப்பார். அடுத்து ஒரு குடத்தின்மேல் உள்ளங்கையை வைத்து “ஸ்ஸ்” என்று இழுப்பேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். கண்டக்டர் மட்டும் பீடி பற்றவைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒரு தடவை எழுந்து வந்து என் தோளைத் தட்டினார்.

“மத்ததெல்லாம் பண்ணு சாரே. கைய வெச்சு இஸ்துக்கிறியே, அது மட்டும் வேணாம்.”

“ஏங்க, சரியா வரலையா?”

“ரொம்ப சரியா வருது. அதான் வேணான்றேன்.”

ஒரு கலைஞனுக்கு இதைவிடப் பெரிய பாராட்டு உண்டா என்று நான் பூரித்துப் போனேன். நான் எவ்வளவு பெரிய மட்டி என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

மனைவி பிரசவத்துக்குத் தாய் வீடு போனாள். பெண் குழந்தை பிறந்தது. மூன்று மாதமாவது அங்கே இருப்பதாகத்தான் பேச்சு. நடுவில் மாமியார் கிணற்றடியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். பார்த்துக்கொள்ள ஆளில்லாத வீட்டில் இரண்டு படுக்கை ஆகாது என்று பச்சைக் குழந்தையோடு இவள் திரும்பி வந்தாள். நல்ல மார்கழி. வந்தவளை வாசலிலேயே நிறுத்தி வீட்டுக்காரம்மா ஆரத்தி எடுத்தார். குழந்தையை வாங்கவில்லை. “நல்லா கீது, நல்லா கீது” என்று இரண்டடி தள்ளி நின்றே சொன்னார்.

எங்களுக்குக் கவலையெல்லாம் வெந்நீர்தான். பிள்ளை பெற்ற உடம்பில் பச்சைத் தண்ணீர் பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்று மாமியார் கட்டிலில் படுத்தபடியே என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். குழந்தைக்கு ஸ்டவ்வில் ஒரு பாத்திரம் காய்ச்சி ஒப்பேற்றினோம். மனைவி தலைக்கு ஊற்றிக்கொள்ள வேண்டிய நாள் வந்தது. அன்று காலை ஸ்டவ் இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது. சொட்டு எண்ணெய் இல்லை.

ஒருவேளை இன்றைக்கு மட்டும், என்ற ஆசையில் நான் பாய்லரில் விறகைத் திணித்து ஊதினேன். கண்ணெரியப் புகை வந்தது. மனைவி மாற்றுப் புடவையோடு அருகே வந்து நின்றாள். பழைய வீட்டின் சமையலறைக் கதவு திறந்திருந்தது. வீட்டுக்காரம்மா அடுப்படியில் உட்கார்ந்தபடியே எட்டிப் பார்த்தார்.

“பொகை வர்து பார். சூடாத்தான் கீது. போய் ஊத்திக்கோ கண்ணு.”

என் மனைவி பாய்லரைத் தொட்டாள். என்னைப் பார்த்தாள். நான் காலி எண்ணெய் டின்னை எடுத்துக்கொண்டேன். கண்டக்டர் வீட்டில் கைமாற்றாகக் கேட்கலாம் என்று கிளம்பினேன். அதற்குள் அவள் சமையலறைப் பக்கம் திரும்பி, மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல்தான் கேட்டாள்:

“அம்மா, அங்க எங்கம்மா ஊத்திவிடுவாங்க. இங்க எனக்கு யாரும் இல்ல. நீங்க வந்து ரெண்டு சொம்பு தலைக்கு ஊத்திவிடறீங்களா?”

அடுப்படியில் கரண்டியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சாவிக்கொத்து வந்தது, மிக மெதுவாக.

மனைவி திருகைத் திறந்து வாளியை நிரப்பிக்கொண்டாள், இருவரும் குளியலறைக்குள் போனார்கள். நான் டின்னைக் கீழே வைத்துவிட்டு, குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நின்றேன். வாளியைத் தரையில் வைக்கும் சத்தம் கேட்டது. வளையல் சத்தம் கேட்டது, சொம்பை வாளிக்குள் விட்டிருக்க வேண்டும். ஊற்றும் சத்தம் வரவில்லை. உடம்பில் விழும் சத்தமும் இல்லை, சுவரில் விழும் சத்தமும் இல்லை.

“ஜில்லுனு கீதே.”

அவர் குரல்தானா என்று சந்தேகமாக இருந்தது, அவ்வளவு சின்னக் குரல்.

“ஜில்லுனு கீதேடீ. பச்ச ஒடம்பு. ஒரு வார்த்த சொல்லக் கூடாது? யம்மா, பச்சத் தண்ணியா கீதும்மான்னு ஒரு வார்த்த? நான் சொன்னா ஊத்திக்குவியா? நான் சொல்லிட்டேன்னு ஊத்திக்குவியாடீ?”

கதவு திறந்தது. ஒரு பொட்டு நனையாத தலையோடு என் மனைவி வெளியே வந்தாள். தன் முந்தானையால் அவளைச் சுற்றி மூடித் தள்ளிக்கொண்டே வந்தார் வீட்டுக்காரம்மா. “உள்ள போ, உள்ள போ, கதவ சாத்து.” எங்கள் கதவு சாத்தாது. அவரே அதை வெளியிலிருந்து பிடித்து இழுத்துக்கொண்டு நின்றார், வெகுநேரம்.

“என்னைப் பார்த்துப் பேசலைங்க” என்றாள் மனைவி. “என் தலைக்கு மேல பார்த்துப் பேசினாங்க.”

கண்டக்டர்தான் அன்று சாயங்காலம் சொன்னார். சொல்லும்போது பீடி பற்றவைக்கவில்லை.

“அவங்களுக்கு ஒரு பொண்ணு இருந்துச்சு சாரே. அம்மா கிழிச்ச கோட்டத் தாண்டாத பொண்ணு. மொதப் பிரசவத்துக்கு இங்கதான் வந்துச்சு. தெனைக்கும் அம்மாதான் தலைக்கு ஊத்திவுடும். அன்னிக்கு அறுப்பு ஆளுங்க வந்துட்டாங்க, இவங்க அடுப்பாண்ட கஞ்சி வெச்சிகினு கீறாங்க. பொண்ணு வந்து கேட்டுச்சு. இவங்க திரும்பிப் பாத்தாங்க. பாய்லர்லேர்ந்து பொகை பொகையா வருது. சூடாத்தான் கீது, போய் ஊத்திக்கோன்னாங்க. அன்னிக்கே ஓட்ட வுழுந்து போச்சு. நெருப்பு அணைஞ்சா ஜாஸ்தி பொகை வரும். அது அவங்களுக்குத் தெரியல. பொண்ணுக்குத் தெரிஞ்சிருக்கும், தண்ணியத் தொட்டுச்சே. ஆனா அம்மா சொல்ட்டாங்க.”

“அப்புறம்?”

“இன்னா அப்புறம்? ஜன்னி. ரெண்டாம் நாளே பூட்டுது. கொயந்தய மாப்ள ஊட்டுக்காரங்க பாரிவாக்கத்துக்குத் தூக்கினு போய்ட்டாங்க. அதுக்கப்புறம் இந்தப் பக்கமே காட்டல. அன்னிலேர்ந்து அவங்க கைக்கு அந்த பாய்லர் சூடாத்தான் கீது.”

மாமியார் சத்தியம் வாங்கியபோது மனதுக்குள் சிரித்தவன் நான். பச்சைத் தண்ணீரால் ஜன்னி வருமா வராதா என்று இன்றைக்கு எந்த டாக்டரைக் கேட்டாலும் ஏதாவது சொல்வார். வீட்டுக்காரம்மா அதை யாரிடமும் கேட்கவில்லை, யாரும் அவருக்குச் சொல்லவும் இல்லை.

மறுநாள் அவரே போய், எந்தத் தெருவிலிருந்தோ அந்த ஈயக்காரரைக் கூட்டி வந்தார். அவர் வேலை செய்து முடிக்கும்வரை அருகிலேயே நின்றார். அடைத்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். மோர் கொடுக்க மறந்துவிட்டார்.

அதற்கு மறுநாள் காலை நாலு போர்ஷனும் பின்கட்டில் திரண்டிருந்தது. புகை குறைந்து, குழாய்க்குள் நெருப்பு குதித்து எழுந்தது. கொஞ்ச நேரத்தில் தாமிரம் முனகத் தொடங்கியது. மூடி படபடத்தது. திருகைத் திறந்தால் தண்ணீர் சீறிக்கொண்டு ஆவியோடு வந்தது. நான் துண்டைத் தலைப்பாகையாகக் கட்டிக்கொண்டு, “இன்று முதல் சுவர் குளிக்காது, நான் குளிப்பேன்” என்று அறிவித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். கண்டக்டரும் சிரித்தார்.

வீட்டுக்காரம்மா வந்தார். நாங்கள் வழிவிட்டோம். முந்தானையில் கையைத் துடைத்தார். உள்ளங்கையை விரித்து பாய்லரின் தொப்பையில் வைத்தார்.

நாங்கள் அந்த “ஸ்ஸ்”ஸுக்காகக் காத்திருந்தோம். என் உதடுகூடப் பழக்கத்தில் குவிந்துவிட்டது.

கை அங்கேயே இருந்தது.

“இன்னும் சூடு ஏறலியே நைனா” என்றார் என்னிடம். “வெறவு போடு.”

என் மனைவிதான் பாய்ந்து அந்தக் கையைப் பிடித்து இழுத்தாள். உள்ளங்கை முழுக்கச் சிவந்து, பார்க்கப் பார்க்க உப்பியது. யாரோ தன் கையில் எதையோ கொடுத்துவிட்டுப் போனது போல வீட்டுக்காரம்மா அதைப் பார்த்தார். வலிக்கிறதா என்று கண்டக்டர் கேட்டார். “இன்னாத்துக்கு வலிக்கணும்? ஜில்லுனு கீது.”

அதற்குப் பிறகு எங்களுக்கு வெந்நீருக்குப் பஞ்சமே இல்லை. காலையில் அவரே மூட்டுவார். தேங்காய் மட்டை, பழைய கதவுச் சட்டம், வயல் போனபின் வீட்டில் கிடந்த ஏர்க்கால், எல்லாம் உள்ளே போயிற்று. மத்தியானமும் எரியும். தையில் எரிந்தது, மாசியில் எரிந்தது, சித்திரை வெயிலிலும் எரிந்தது. வெந்நீரில் குளிக்க வேண்டும் என்று ஒரு காலத்தில் ஏங்கியவன், பங்குனியில் பின்கட்டுப் பக்கம் போகவே பயந்து, ஏரியில் போய்க் குளித்தேன். மஞ்சளும் எண்ணெயும் தடவி மனைவி அவர் கைக்குக் கட்டுப் போட்டுவிடுவாள். அடுத்த நாள் கட்டைப் பிரித்துவிட்டுத் தொட்டுப் பார்ப்பார். கூரை ஒழுகுகிறது என்று சொன்னால், “ஆமா, ஒழுவுது” என்பார். கதவு சாத்தவில்லை என்றால், “ஆமா, சாத்தல.” சாவிக்கொத்தை எங்கேயோ வைத்துவிட்டார். அவர் வருவது எங்களுக்குத் தெரியாமல் போயிற்று. திரும்பிப் பார்த்தால் பின்னால் நிற்பார்.

ஆவடிக்கு மாற்றலானதும் வீட்டைக் காலி செய்தோம். மாட்டு வண்டியில் சாமான் ஏற்றியாயிற்று. மனைவி குழந்தையோடு சொல்லிக்கொள்ளப் போனாள்.

“இரு கண்ணு” என்றார். “கொயந்தைக்கு ஒரு சொம்பு ஊத்தி அனுப்பறேன். தண்ணி காயட்டும்.”

பாய்லரின் மூடி ஆவியில் துள்ளிக்கொண்டிருந்தது. நாங்கள் நின்றோம். வண்டிக்காரர் இரண்டு முறை குரல் கொடுத்தார். வீட்டுக்காரம்மா தொட்டுப் பார்ப்பார், தலையசைப்பார், ஒரு கட்டையைத் தள்ளுவார். “இரு. இன்னும் காயல.” மாடு பொறுமையிழந்து கழுத்து மணியை ஆட்டியது. கடைசியில் நாங்கள் சொல்லாமலே நழுவி வந்தோம். வண்டி தெரு முனை திரும்பும்வரை கூரைகளுக்கு மேலே புகையில்லாமல் அனல் மட்டும் நடுங்குவது தெரிந்தது.

அதன்பிறகு அந்தப் பக்கம் நான் போகவில்லை. கண்டக்டரை ஒரு முறை பூந்தமல்லி பஸ்ஸில் பார்த்தேன். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். வீட்டுக்காரம்மாவைப் பற்றி நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அன்று என் தோளில் கிடந்த குழந்தை வளர்ந்து, கல்யாணமாகி, ஒரு மார்கழியில் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்தாள். குளியலறையில் கீஸர் உண்டு. சிவப்பு விளக்கு அணைந்தால் தண்ணீர் தயார் என்று அர்த்தம், சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்.

“அப்பா, தண்ணி சூடாயிடுச்சா?” என்று உள்ளேயிருந்து கேட்பாள்.

மேனேஜரின் தும்மல் இப்போதும் எனக்கு வரும். ஸ்டேஷன் மாஸ்டரும் வருவார். அந்த ஒரு கேள்விக்கு ஹாலில் உட்கார்ந்தபடி பதில் சொல்ல மட்டும் வரவில்லை. எழுந்து போவேன். விளக்கு அணைந்திருக்கும். கண்ணாடி ஆவியில் மங்கியிருக்கும். குழாயைத் திறந்து, உள்ளங்கையை விரித்துக் கீழே நீட்டுவேன்.

சுடுகிறது என்று கைக்குத் தெரிய ஒரு கணம் ஆகிறது.

“இரும்மா” என்பேன்.